டப்பென்று ஒரு சத்தம், அப்புறம் கையில் ஓர் உருண்டை

மலேசியாவின் பட்டர்வொர்த்திலிருந்து 68 வயது வாசகர் ஒருவர் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடியதையெல்லாம் எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மூன்று வருடமாக ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஜாகா (காவலாளி) வேலை. 15 வருடமாக இனிப்புநீர் (சர்க்கரை நோய்) உண்டு. இருதயத்துக்காகத் தினமும் ஓர் ஆஸ்பிரின் சாப்பிடுகிறார். தைப்பூசத்துக்கு இரண்டு நாள் முன்பு, தண்ணீர்ப் பந்தலுக்கு வந்த லோரியிலிருந்து தேங்காய்ச் சாக்குகளை இறக்கிக்கொண்டிருந்தார். ஒரு சாக்கு நழுவ, சட்டென்று தாங்கிப் பிடித்தார். வலது தோளில் ‘டப்’பென்று ஏதோ அறுந்த மாதிரி சத்தம். மறுநாள் மேல்கை நீலம் பாரித்தது, மூன்றாம் நாள் அந்த நீலம் முழங்கை வரை இறங்கிவிட்டது. கையை மடக்கினால் முழங்கைக்குச் சற்று மேலே ஓர் உருண்டை எழுகிறது.

அவருக்கே ஆச்சரியமான விஷயம் ஒன்று உண்டு. இரண்டு வருடமாகப் படுத்திக்கொண்டிருந்த தோள்வலி அந்தச் சத்தத்தோடு பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. ‘முருகன் கொடுத்த வரமோ என்னவோ’ என்று எழுதியிருக்கிறார். வீட்டிலோ ஆளுக்கொரு யோசனை. மனைவி கையைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு அசைக்கவே விடுவதில்லை. வாரம் இரண்டு முறை ஒரு மக்சிக் (மலாய்க்கார அம்மா) வந்து கோடாலித் தைலம் போட்டு உருவிவிடுகிறார். பக்கத்து வீட்டுக்காரர், ‘கட்டி மாதிரி இருக்கே, புற்றுநோயா இருக்கப் போகுது’ என்று கிலியைக் கிளப்பிவிட்டுப் போயிருக்கிறார். கோலாலம்பூரில் இருக்கும் மகன் ஊருக்கு வந்து ஒரு தனியார் மருத்துவமனைக்கு அழைத்துப் போயிருக்கிறார். அங்கே ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, ‘ஆபரேஷன் செய்து தைத்துவிடலாம், நாள் குறியுங்கள்’ என்றார்களாம். கூட வேலை செய்யும் நண்பர், ‘வேலையில் நடந்ததாகச் சொல்லு, சொக்சோவில் (தொழிலாளர் காப்புறுதித் திட்டம்) காசு வரும்’ என்கிறார். மூன்று வாரம் ஓடிவிட்டது. யார் சொல்வதைக் கேட்பது என்கிறார் வாசகர். கடைசியில் ஒரு சின்னக் கேள்வியும் வைத்திருக்கிறார், அதைக் கடைசியிலேயே பார்க்கலாம்.

ஐயா, கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கையைத் தொட்டுப் பார்க்காமல் எந்த டாக்டரும் அடித்துச் சொல்லக் கூடாது. ஆனாலும் நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், பைசெப்ஸ் தசையின் மேல் நாண் (தசையை எலும்போடு கட்டும் கயிறு) ஒன்று அறுந்திருக்கிறது என்றுதான் தோன்றுகிறது. 60 தாண்டியவர்களிடம் அடிக்கடி பார்க்கும் சங்கதி இது. பயப்பட வேண்டாம். ஆனால் ‘வலி போய்விட்டது, விட்டுவிடலாம்’ என்றும் இருந்துவிடாதீர்கள். இரண்டுக்கும் காரணம் சொல்கிறேன்.

மேல்கையின் முன்பக்கத்தில் திரண்டு நிற்கிறதே, அதுதான் பைசெப்ஸ். அதற்கு மேலே இரண்டு கயிறுகள், கீழே ஒரே கயிறு. மேலே உள்ளவற்றில் நீளமானது எலும்பில் இருக்கும் ஒரு குறுகலான பள்ளத்தில் ஓடி, தோள் மூட்டுக்குள்ளேயே நுழைந்து, குழியின் மேல் விளிம்பில் பிடித்துக்கொண்டிருக்கிறது. குட்டையானது மூட்டுக்கு வெளியே, தோள்பட்டை எலும்பின் முன்பக்கக் கொக்கியில் தனியாகப் பிடித்திருக்கிறது. கிணற்று ராட்டினத்தில் ஓடும் கயிறு வருடக்கணக்கில் ஒரே இடத்தில் உரசி நைந்து போகுமில்லையா, உங்கள் நீள நாணுக்கும் அதுதான் நடந்தது. இரண்டு வருடமாக நீங்கள் அனுபவித்த வலியில் பெரும்பங்கு, நைந்த அந்தக் கயிறு உரசி உரசி எழுப்பியதாக இருக்கலாம். சாக்கு நழுவியது வெறும் சாக்குத்தான். அறுந்த பிறகு உரச ஒன்றும் இல்லை, அதனால் வலி குறைந்தது.

வயதானவர்களுக்குத் தோளில் வேறு ஆபரேஷன் செய்யும்போது, நைந்த இந்த நாணை நாங்களே வேண்டுமென்று வெட்டிவிடுவதும் உண்டு. வலியைக் குறைக்க அது ஒரு வழி. நாங்கள் கத்தரியால் செய்வதை உங்கள் தோளில் ஒரு தேங்காய்ச் சாக்கு செய்துவிட்டது. குட்டை நாண் பத்திரமாக இருக்கும்வரை பைசெப்ஸ் தொடர்ந்து வேலை செய்யும்.

மேலேயா, கீழேயா?

எல்லாவற்றுக்கும் முன்னால் தீர்க்க வேண்டியது இது. பைசெப்ஸ் நாண் அறுபட்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு உங்களுடையதைப் போல மேலே உள்ள நீள நாண்தான் அறுந்திருக்கும். மிச்சமுள்ள சிலருக்கு முழங்கைப் பக்கத்துக் கீழ்நாண் அறும். அங்கே இருப்பது ஒரே கயிறு என்பதால் கதையே வேறு. கீழ்நாண் அறுந்து அப்படியே விட்டால், உள்ளங்கையை மேலே திருப்பும் பலத்தில் ஏறக்குறைய 40 சதவீதமும், முழங்கையை மடக்கும் பலத்தில் ஏறக்குறைய 30 சதவீதமும் போய்விடும். தைப்பதானால் இரண்டு மூன்று வாரத்துக்குள் தைப்பது நல்லது. தாமதித்தால் நாண் மேலே சுருங்கி ஓடி ஒட்டிக்கொள்ளும், பிறகு இழுத்துக் கொண்டுவருவது பெரும்பாடு.

வித்தியாசம் கண்ணுக்கே ஓரளவு தெரியும். மேல்நாண் அறுந்தால் தசை கீழே சரிந்து முழங்கைப் பக்கம் உருண்டு நிற்கும், தோளுக்குக் கீழே ஒரு பள்ளம் விழும். கார்ட்டூன் மாலுமி போப்பாயின் கை மாதிரி இருப்பதால் டாக்டர்கள் இதற்கு அவன் பெயரையே வைத்திருக்கிறார்கள். கீழ்நாண் அறுந்தால் தசை தோளை நோக்கி மேலே ஏறிவிடும், முழங்கை மடிப்பில் வலியும் நீலமும் இருக்கும். உங்கள் உருண்டை கீழேதான் என்கிறீர்கள், சத்தமும் தோளில்தான் கேட்டது. இரண்டும் ஒத்துப்போகின்றன.

இருந்தாலும் உங்களைப் பார்க்கிற டாக்டர் ஒரு சின்னச் சோதனை செய்ய வேண்டும். முழங்கையைச் செங்கோணத்தில் மடக்கி, கோயிலில் விபூதி வாங்குவது போல உள்ளங்கையை மேலே திருப்பச் சொல்வார். பிறகு முழங்கை மடிப்பில் வெளிப்பக்கத்திலிருந்து தன் ஆள்காட்டி விரலைக் கொக்கி மாதிரி நுழைப்பார். கயிறு போல ஒன்று விரலில் மாட்டினால் கீழ்நாண் முழுசாக இருக்கிறது என்று பொருள். உள்பக்கத்திலிருந்து நுழைத்தால் வேறொரு பட்டை மாட்டி ஏமாற்றும், அதனால்தான் வெளிப்பக்கம் என்றேன். பத்து வினாடி வேலை, செலவும் இல்லை. உங்களுக்கு இதைச் செய்தார்களா என்று கடிதத்தில் இல்லை.

பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன கட்டிக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். சத்தத்தோடு ஒரே நாளில் வந்து, கையை மடக்கினால் இறுகி, தளர்த்தினால் மெத்தென்று ஆகும் உருண்டை உங்கள் சொந்தத் தசைதான். சத்தமும் நீலமும் இல்லாமல் மெல்ல மெல்ல வளர்வது, கையை எப்படி வைத்தாலும் ஒரே மாதிரி கெட்டியாக இருப்பது, இவைதான் சந்தேகப்பட வேண்டிய கட்டிகள். உங்களுடையது அப்படியில்லை. நீலம் முழங்கை வரை இறங்கியதும் நோய் பரவியதால் அல்ல. கசிந்த ரத்தம் பூமியின் ஈர்ப்பில் கீழே இறங்குகிறது, அவ்வளவுதான். ஆஸ்பிரின் சாப்பிடுவதால் அது கூடுதலாகவே தெரிந்திருக்கும். அதைப் பார்த்துப் பயந்து ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். தோளுக்காக இருதயத்தைப் பணயம் வைக்கக் கூடாது.

மூன்றாம் பக்கத்தில் இருந்த ஒரு வரி

எல்லாரும் உருண்டையையே பார்க்கிறார்கள். எனக்குக் கண்ணில் பட்டது நீங்கள் போகிறபோக்கில் எழுதிய வேறொன்று: ‘அலமாரி மேல்தட்டில் இருக்கும் மைலோ டின்னை இப்போது இடது கையால்தான் எடுக்கிறேன். ராத்திரி வலது பக்கம் படுக்க முடியவில்லை.’

ஐயா, கையைத் தலைக்கு மேலே தூக்குவது பைசெப்ஸின் முக்கிய வேலை அல்ல. அதற்கு முக்கியமானவை தோள் மூட்டைச் சுற்றிப் பிடித்திருக்கும் நான்கு தசைநாண்கள். ரோட்டேட்டர் கஃப் என்போம். உங்கள் வயதில் பைசெப்ஸின் நீள நாண் தனியாக அறுவது குறைவு. பக்கத்திலேயே இருக்கும் இந்த நான்கில் ஒன்றோ இரண்டோ கூடவே கிழிந்திருப்பது அடிக்கடி நடக்கிறது. வெளியே தெரியும் உருண்டை பெரும்பாலும் அழகுப் பிரச்சினைதான். உள்ளே தெரியாமல் இருக்கும் கிழிசல்தான் கையை முடக்கக்கூடியது. ராத்திரி வலியும் கை தூக்க முடியாததும் அந்தப் பக்கம்தான் கைகாட்டுகின்றன.

ஆனால் இன்னொரு சாத்தியமும் இருக்கிறது, அதற்கு உங்கள் வீட்டு அம்மாவின் துணிக்கட்டும் ஒரு காரணமாக இருக்கலாம். இனிப்புநீர் உள்ளவர்களுக்குத் தோளை அசைக்காமல் வைத்தால் மூட்டு இறுகிப்போகும் அபாயம் மற்றவர்களைவிட அதிகம். அப்போதும் கை மேலே போகாது. இரண்டையும் பிரித்தறிவது கஷ்டமில்லை. உங்கள் கையைத் தளர்த்தி வைத்துக்கொண்டு வேறொருவரை மெல்லத் தூக்கச் சொல்லுங்கள். அவர் தூக்கினால் மேலே போகிறது, நீங்களாகத் தூக்கினால் போகவில்லை என்றால் கிழிசலைச் சந்தேகிக்கலாம். யார் தூக்கினாலும் பாதியிலேயே முட்டி நின்றால் இறுக்கம். வலிக்க வலிக்கத் தூக்க வேண்டாம். இதையெல்லாம் டாக்டர் செய்து பார்ப்பதே மேல்.

பரிசோதனைகள் பற்றி உங்கள் மகன் கேட்டிருக்கிறார், ‘நேராக எம்.ஆர்.ஐ. எடுத்துவிடலாமா’ என்று. அறுந்த மேல்நாணை உறுதிப்படுத்த மட்டும் என்றால் தேவையே இல்லை, கண்ணாலும் கையாலும் தெரிந்துவிடும். முதலில் ஒரு சாதாரண எக்ஸ்ரே எடுக்கட்டும். நாண் அதில் தெரியாது. ஆனால் எலும்பு முறிவு, மூட்டுத் தேய்மானம், மேல்கை எலும்பின் தலை மேலே ஏறி நிற்பது எல்லாம் தெரியும். கடைசியாகச் சொன்னது பழைய பெரிய கிழிசலுக்கு அடையாளம். அடுத்து அல்ட்ராசவுண்ட். செலவு குறைவு, கையை அசைத்துப் பார்த்தபடியே எடுக்கலாம். எடுப்பவர் தேர்ந்தவராக இருந்தால் கிழிசலை நன்றாகவே காட்டும். உண்மையிலேயே தைக்க வேண்டிய கிழிசல் என்று சந்தேகம் வந்தால் அப்போது எம்.ஆர்.ஐ.

ஓர் எச்சரிக்கை. 60 தாண்டிய தோளை ஸ்கேன் செய்தால் ஏதாவது ஒரு கிழிசல் தென்படுவது சாதாரணம். வலியே இல்லாமல் பல வருடம் அப்படியே வாழ்கிறவர்கள் நிறைய. படத்தில் இருப்பதற்கெல்லாம் வைத்தியம் செய்ய வேண்டியதில்லை. சாக்கு விழுந்த அன்றிலிருந்து புதிதாகக் கை தூக்க முடியாமல் போயிருக்கிறதா, அல்லது அது முன்பே இருந்ததா என்பதை டாக்டரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். புதிய கிழிசல் என்றால் காலம் முக்கியம். மாதங்கள் போகப் போகத் தசை சுருங்கிக் கொழுப்பேறிவிடும், பிறகு தைத்தாலும் பிடிக்காது.

டாக்டரிடம் சொல்ல வேண்டியது இன்னும் இரண்டு. தோள்வலிக்காகப் பக்கத்து கிளினிக்கில் மூன்று முறை ஸ்டீராய்டு ஊசி போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். டிசம்பரில் சளி நெஞ்சில் கட்டி, ஆன்டிபயாடிக்கும் ‘வீசிங்’குக்கு ஸ்டீராய்டு மாத்திரையும் சாப்பிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஆன்டிபயாடிக்கின் பெயர் என்ன? பழைய உறையைத் தேடிப் பாருங்கள். லெவோஃப்ளோக்சசின், சிப்ரோஃப்ளோக்சசின் வகை மருந்துகள் தசைநாணைப் பலவீனப்படுத்தக்கூடியவை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008-லேயே இதற்குக் கட்டம் கட்டிய எச்சரிக்கை போட வைத்தது. 60 வயதைத் தாண்டியவர்களுக்கும், கூடவே ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்களுக்கும் அபாயம் அதிகம். குதிகால் நாணைத்தான் அது அதிகம் பாதிக்கும், தோளையும் விட்டுவைப்பதில்லை. உங்கள் நாண் அதனால்தான் அறுந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த மருந்துதான் என்று தெரிந்தால் உங்கள் கார்டில் குறித்து வைக்கச் சொல்லுங்கள், அடுத்த முறை வேறு கொடுப்பார்கள். இப்போதைக்கு தோளில் நான்காவது ஊசியும் வேண்டாம்.

ஆபரேஷன் அவசியமா?

மேல்நாண் மட்டும் என்றால், உங்கள் வயதுக்கும் வேலைக்கும் பெரும்பாலும் அவசியமில்லை. ஆபரேஷன் இல்லாமல் விட்டால் உள்ளங்கையைத் திருப்பும் பலத்தில் 10 முதல் 20 சதவீதம் வரை குறையலாம். மடக்கும் பலத்தில் அதற்கும் குறைவாகவே போகும். ஸ்குரூ முடுக்குவது போன்ற வேலையில் கை சீக்கிரம் சோர்ந்துபோகும், சிலருக்குத் தசை பிடித்து இழுக்கும். கேட் திறந்து மூடி, வருகிறவர் பெயரை எழுதுகிற உங்களுக்கு அது பெரிய இழப்பாக இராது. நாள் முழுக்க ஸ்பேனர் பிடிக்கிற ஐம்பது வயது மெக்கானிக்கோ தச்சரோ கேட்டிருந்தால் வேறு மாதிரி யோசித்திருப்பேன். உருண்டை கண்ணை உறுத்துகிறது, எப்படியும் போக்க வேண்டும் என்று யாராவது கேட்டாலும் அதை நான் கேலி செய்ய மாட்டேன், அதுவும் ஒரு நியாயமான காரணம்தான். நீங்கள் ‘சட்டைக்குள்ளே யாருக்குத் தெரியப்போகுது’ என்று எழுதிவிட்டீர்கள்.

ஆபரேஷன் என்றால் என்ன செய்வார்கள்? பலர் நினைப்பது போல அறுந்த இரண்டு முனைகளை ஒட்டுப்போடுவதில்லை. நைந்த நாணை மறுபடி மூட்டுக்குள் கொண்டுபோக முடியாது. அதன் முனையை மேல்கை எலும்பிலேயே ஓரிடத்தில் பதித்து நிறுத்துவார்கள். பிறகு பல வாரம் ஸ்லிங் (கையைத் தொங்கவிடும் கட்டு), மூன்று நான்கு மாதம் பிசியோதெரபி. தொற்று, மூட்டு இறுக்கம், நரம்புக் காயம், மயக்க மருந்தின் தொல்லை என்று அபாயங்களும் உண்டு, சர்க்கரை கட்டுக்குள் இல்லையென்றால் தொற்று அபாயம் கூடும். உங்கள் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி, ஹெச்.பி.ஏ.1சி., எவ்வளவு என்று எழுதவில்லை. அது 8-க்கு மேல் இருந்தால் அவசரமில்லாத ஆபரேஷனைப் பலரும் தள்ளிப்போடுவார்கள்.

ஆக, அந்தத் தனியார் மருத்துவமனையில் சொன்னது தவறு என்று நான் சொல்லவில்லை. கஃப் பெரிதாகக் கிழிந்திருப்பதைப் பார்த்து அதைத் தைக்கும்போதே இதையும் சேர்த்துச் சரிசெய்யலாம் என்று சொல்லியிருந்தால் அது நல்ல யோசனையே. ஐந்து நிமிடத்தில் அது எப்படித் தெரிந்தது என்பதுதான் என் கேள்வி. திரும்பப் போய்க் கேளுங்கள்: எந்த நாண்? கஃப் எப்படி இருக்கிறது? ஆபரேஷன் செய்யாவிட்டால் எனக்கு என்ன நஷ்டம்? கேட்பது உங்கள் உரிமை, மரியாதைக் குறைவு இல்லை. படங்களின் நகலை வாங்கிக்கொண்டு வேறொரு நிபுணரிடம் காட்டலாம். தனியார் மருத்துவமனைகளில் டாக்டர் கட்டணத்துக்கு 2006-ஆம் ஆண்டு விதிமுறைகளில் உச்சவரம்பு உண்டு. ஆனால் ஆபரேஷன் அறை, எலும்பில் பதிக்கும் ஆணி, மருந்து, கட்டில் வாடகை எல்லாம் அதற்கு வெளியே. பில் ஊதுவது அங்கேதான். மொத்தமாக ஒரு தொகை சொன்னால் போதாது, இனம் இனமாகப் பிரித்து முன்கூட்டியே எழுதித் தரச் சொல்லுங்கள்.

என்னைக் கேட்டால், இந்த வாரமே நீங்கள் சர்க்கரைக்குப் போகிற அரசாங்க கிளினிக்குக்குப் போய், செபராங் ஜெயா மருத்துவமனையின் எலும்புப் பிரிவுக்கு ஒரு பரிந்துரைக் கடிதம் வாங்குங்கள். மூத்த குடிமகனுக்கு அங்கே வெளிநோயாளி பதிவுக் கட்டணமும் இல்லை, மைகார்டு (அடையாள அட்டை) போதும். ‘சாக்கு விழுந்த அன்றிலிருந்து கை தூக்க முடியவில்லை’ என்பது உண்மையானால் அதைக் கடிதத்தில் எழுதச் சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் உங்கள் தேதியை முன்னுக்குக் கொண்டுவரக்கூடும். அப்படியும் தேதி ரொம்பத் தள்ளிப்போனால், மகன் ஆபரேஷனுக்கு வைத்திருக்கும் பணத்தில் ஒரு சின்னப் பங்கை வெளியே ஓர் அல்ட்ராசவுண்டுக்குச் செலவழிக்கட்டும். ஆபரேஷனா இல்லையா என்பதை அதற்குப் பிறகு பேசலாம்.

துணிக்கட்டும் மக்சிக்கும்

அம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: கட்டு முதல் சில நாளுக்கு நல்லது, மூன்று வாரத்துக்கு அல்ல. எக்ஸ்ரேயில் முறிவு இல்லை என்று தெரிந்ததும் அதைக் கழற்றிவிடலாம். அதுவரைக்கும்கூட விரல், மணிக்கட்டு, முழங்கையை மடக்கி நீட்டிக்கொண்டிருங்கள். பிறகு மேசையில் இடது கையை ஊன்றிக் குனிந்து, வலது கையைக் கடிகார ஊசல் மாதிரி சும்மா தொங்கவிட்டு ஆட்டுங்கள், ஒரு நாளில் மூன்று நான்கு முறை. அப்புறம் சுவரைப் பார்த்து நின்று விரல்களால் மேலே மேலே நடக்க விடுங்கள். வலியைப் பத்துக்கு எவ்வளவு என்று நீங்களே மதிப்பெண் போட்டு, மூன்று நான்கைத் தாண்டினால் அன்றைக்கு நிறுத்திக்கொள்ளுங்கள். நிறைந்த டீ குவளைக்கு மேல் எடையான எதையும் ஆறு வாரம் வரை வலது கையால் தூக்க வேண்டாம். எடை வைத்துச் செய்யும் பயிற்சியை பிசியோதெரபிஸ்ட் பார்த்துத் தொடங்கி வைக்கட்டும், நீங்களாக ஆரம்பிக்காதீர்கள்.

உருவிவிடுவதை நிறுத்துங்கள். மக்சிக்கின் கைராசியைக் குறை சொல்லவில்லை. சுருங்கிக் கீழே இறங்கிய நாணை எவ்வளவு உருவினாலும் பழைய இடத்துக்கு ஏறாது. ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர் கையில் அழுத்தி உருவினால் உள்ளே இன்னும் ரத்தம் கட்டும். தைலத்தை அம்மா லேசாகத் தடவிவிடட்டும், அதில் தப்பில்லை. கோயோக் (வலிப் பட்டை) ஒட்டுவதானால் புண் இல்லாத தோலில் ஒட்டுங்கள். வலிக்குப் பேரசிட்டமோல் போதும். 500 மில்லிகிராம் மாத்திரை ஒரு நேரத்துக்கு இரண்டு, ஒரு நாளில் மூன்று முறைக்கு மேல் வேண்டாம், கல்லீரலில் கோளாறு இருந்தால் முதலில் டாக்டரைக் கேளுங்கள். வோல்டரன் மாதிரி வலி மாத்திரைகளைக் கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிடாதீர்கள். ஆஸ்பிரினோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசியலாம், 15 வருட இனிப்புநீர் பார்த்த சிறுநீரகத்துக்கும் அது ஆகாது.

கை மரத்து, சில்லிட்டு, விரல்களை அசைக்க முடியாமல் போனாலோ, மேல்கை கல் மாதிரி இறுகி வலி தாங்காமல் போனாலோ எதற்கும் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். இன்னொன்று, இருதய வலி இடது கையில்தான் வரும் என்று சட்டம் எதுவும் இல்லை. நெஞ்சில் பாரம், வியர்வை, மூச்சு வாங்குதல் இவற்றோடு வலது தோள் வலித்தால் அதை இந்த நாணின் தலையில் போட்டுவிடாதீர்கள்.

சொக்சோ விஷயம்

உங்கள் நண்பர் சொன்னதில் பாதி உண்மை. 60 வயதைத் தாண்டி வேலை செய்கிறவர்களுக்கும் முதலாளி சொக்சோ கட்டித்தான் ஆக வேண்டும், வேலையிட விபத்துத் திட்டம் உங்களுக்கும் பொருந்தும். வேலைக்குப் போகும் வழியில் நடந்தால்கூட அதில் வரும். ஆனால் தண்ணீர்ப் பந்தல் உங்கள் வேலையிடம் அல்ல. பொய்யான கோரிக்கை சட்டப்படி குற்றம். அது மாட்டாமல் போகாது, ஐயா. முதல் நாள் நீங்கள் போன கிளினிக் குறிப்பில் ‘கோயில், தேங்காய்ச் சாக்கு’ என்று எழுதியிருக்கும். நானாக இருந்தாலும் மாற்றி எழுதித் தர மாட்டேன்.

உண்மையிலேயே உங்களுக்கு உரியது வேறொன்று இருக்கிறது, அதைத்தான் நீங்கள் கேட்கவே இல்லை. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, இரண்டு வருடத்துக்கு மேல் ஐந்து வருடத்துக்குள் ஒரே முதலாளியிடம் வேலை செய்தவருக்கு வருடத்துக்கு 18 நாள் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு உண்டு. மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் அதற்கும் தனியாக நாள்கள் உண்டு. மூன்று வாரமாகச் சம்பளம் இல்லாமல் வீட்டில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்று) எதுவும் வாங்கவில்லையா? கிளினிக்குக்குப் போகும்போது அதையும், வேலைக்குத் திரும்பியதும் தூக்கும் வேலை வேண்டாம் என்று ஒரு கடிதத்தையும் கேட்டு வாங்குங்கள்.

இனி அந்தச் சின்னக் கேள்வி: ‘அடுத்த பூசத்துக்கு ரதம் வரும்போது தேங்காய் உடைக்க முடியுமா?’ முடியும் என்றுதான் நினைக்கிறேன். கஃப் எப்படி இருக்கிறது என்று தெரிந்தால் நிச்சயமாகச் சொல்வேன். தலைக்கு மேலே ஓங்கி வீசாமல், இடுப்பளவில் இருந்து ரோட்டில் அடியுங்கள், அப்படியும் நன்றாகவே உடையும். லோரியில் ஏறும் வேலையை மட்டும் பந்தலில் இருக்கும் பையன்களிடம் விட்டுவிடுங்கள். ஸ்கேன் அறிக்கை கைக்கு வந்ததும் ஒரு வரி எழுதிப் போடுங்கள், மைலோ டின் எந்தக் கையால் இறங்குகிறது என்பதையும் சேர்த்து.